காற்றாலை எப்படி மின்சாரம் தருகிறது? கேள்வி பதில்

ஆரல்வாய்மொழிக் கணவாய்ப் பகுதியில் இருபத்திரண்டு ஆண்டுகள் காற்றாலைப் பராமரிப்புப் பொறியாளராக இருந்து ஓய்வு பெற்ற உறுப்பினர், மற்ற உறுப்பினர்களின் கேள்விகளுக்கு விடையளிக்கிறார்.

கேள்வி (ஆசிரியை, கோவில்பட்டி): ஐயா, எங்கள் பள்ளிக்குப் பின்னால் நிற்கும் காற்றாலை ஆற அமரத்தான் சுற்றுகிறது. இதிலிருந்து எப்படி மின்சாரம் வரும் என்று மாணவர்கள் கேட்கிறார்கள்.

பதில்: ஆற அமரச் சுற்றுவதாகத் தெரிவது கண்ணின் மயக்கம். ஐம்பது மீட்டர் நீள இறக்கை நிமிடத்துக்குப் பதினைந்து சுற்று சுற்றினால், அதன் நுனி மணிக்கு ஏறத்தாழ 280 கிலோமீட்டர் வேகத்தில் போய்க்கொண்டிருக்கும். கோபுரத்தின் அடியில் நின்று கேட்டால், ஒவ்வோர் இறக்கையும் கீழிறங்கும்போது வாள் வீசியது போன்ற ஓசை காதில் விழும். மாணவர்களை ஒருமுறை அனுமதி பெற்று அழைத்துச் செல்லுங்கள்.

இறக்கை வெறுமனே காற்றால் தள்ளப்படுவதில்லை. விமானத்தின் இறக்கையைப் போல அது வளைந்திருப்பதால், ஒரு பக்கத்தில் காற்றழுத்தம் குறைந்து, அந்தப் பக்கமாக இழுக்கப்பட்டுச் சுழல்கிறது. பெரும்பாலான மிஷின்களில், நிமிடத்துக்குப் பதினைந்தாக உள்ள அச்சின் சுழற்சியைக் கியர் பாக்ஸ் 1,500 அளவுக்குப் பெருக்கி ஜெனரேட்டருக்குத் தருகிறது. அங்கே பெரும்பாலும் 690 வோல்ட்டில் பிறக்கும் மின்சாரத்தை, அருகிலுள்ள டிரான்ஸ்ஃபார்மர் 33,000 வோல்ட்டாக உயர்த்தித் துணைமின் நிலையத்துக்கு அனுப்பிவிடும்.

மாணவர்கள் ஒன்றே ஒன்றை நினைவில் வைத்துக்கொள்வதானால், காற்றின் வேகம் இரட்டிப்பானால் அதிலுள்ள ஆற்றல் எட்டு மடங்காகும் என்பதை வைத்துக்கொள்ளட்டும். நொடிக்கு 6 மீட்டர் காற்றில் 400 கிலோவாட் தரும் மிஷின், 12 மீட்டர் காற்றில் 3,200 கிலோவாட் தரக்கூடும். ஆனால் ஜெனரேட்டரின் திறன் 2,000 என்றால், இறக்கைகள் தம் கோணத்தைத் திருப்பி மிகுதிக் காற்றை நழுவ விட்டுவிடும். வீசும் காற்று முழுவதையும் பிடிக்கவும் முடியாது. அதிகபட்சம் 59.3 விழுக்காடுதான் என்று ஜெர்மானிய இயற்பியலாளர் ஆல்பர்ட் பெட்ஸ் நூறாண்டுகளுக்கு முன்பே கணக்கிட்டுக் காட்டினார்.

கேள்வி: ஏன் மூன்று இறக்கைகள்?

பதில்: இரண்டு இருந்தால் செலவு குறையும், ஆனால் தலைப்பகுதி காற்றின் திசைக்குத் திரும்பும்போதெல்லாம் குலுங்கும், இரைச்சலும் கூடும். நான்காவது இறக்கை, தன் விலைக்கு ஈடான மின்சாரத்தைத் தராது.

கேள்வி (விவசாயி, பல்லடம்): காத்தாடிகள் வந்த பிறகுதான் மேகம் கலைந்து மழை குறைந்தது என்று எங்கள் ஊரில் பலரும் உறுதியாகச் சொல்கிறார்கள். உண்மையா?

பதில்: இந்தக் கேள்வியை நான் பணியில் சேர்ந்த முதல் மாதமே ஒரு தேநீர்க் கடையில் எதிர்கொண்டேன், கேட்டவர் கோபமாகவே கேட்டார். மழை பொய்த்த ஊரில் புதிதாக முளைத்த பொருளின் மீது ஐயம் எழுவது இயல்புதான். ஆனால் காரணமும் விளைவும் இங்கே இடம் மாறிவிட்டன.

தென்மேற்குப் பருவக்காற்று தன் ஈரத்தை மேற்குத் தொடர்ச்சி மலையின் கேரளப் பக்கத்திலேயே பெரும்பாலும் கொட்டிவிட்டு, பாலக்காடு, செங்கோட்டை, ஆரல்வாய்மொழி போன்ற கணவாய்களின் வழியாக வறண்டு, விரைந்து நம் பக்கம் பாய்கிறது. உங்கள் நிலம் மழை மறைவில் இருப்பதற்கும் அங்கே காற்று பலமாக வீசுவதற்கும் காரணம் ஒரே மலைதான். காற்று இருப்பதைப் பார்த்துத்தான் காத்தாடியை அங்கே நட்டார்கள். மேலும், எங்கள் சீசன் மே முதல் செப்டம்பர் வரை. உங்களுக்குப் பெருமழை தரும் வடகிழக்குப் பருவமோ அக்டோபரில் தொடங்குகிறது. அந்த மாதங்களில் பெரும்பாலான மிஷின்கள் சோம்பிக் கிடக்கும். சுற்றாத இறக்கை எந்த மேகத்தைக் கலைக்க முடியும்?

கேள்வி (உடுமலை): நல்ல காற்று வீசும்போதும் சில மிஷின்கள் நிற்கின்றனவே?

பதில்: பழுதாக இருக்கலாம். காற்று நொடிக்கு 25 மீட்டரைத் தாண்டினால் பாதுகாப்புக்காகத் தானாகவே நின்றுவிடும். மின்தொகுப்பில் தேவை குறைந்தோ வழித்தடத்தில் நெரிசல் மிகுந்தோ, உற்பத்தியைக் குறைக்கச் சொல்லி உத்தரவு வருவதும் உண்டு. ஜூலை மாத நள்ளிரவில், கோபுரமே அதிரும் காற்றில், மிஷினை நிறுத்தச் சொல்லி வரும் தொலைபேசி அழைப்பைப் போல எரிச்சலூட்டுவது வேறொன்றில்லை.

கேள்வி (கல்லூரி மாணவர், சென்னை): எஃகும் சிமென்ட்டும் கொட்டிக் கட்டப்படும் காற்றாலையால் சுற்றுச்சூழலுக்கு உண்மையிலேயே நன்மை உண்டா?

பதில்: கணக்கிட்டே பார்த்துவிடலாம். ஆண்டு முழுவதற்குமான சராசரியாகத் தன் திறனில் 30 விழுக்காடு இயங்கும் 2 மெகாவாட் மிஷின், ஆண்டுக்குச் சுமார் 52 லட்சம் யூனிட் தரும். அதே மின்சாரத்தை அனல்மின் நிலையத்தில் எடுத்தால், யூனிட்டுக்கு ஏறக்குறைய 700 கிராம் என்றே குறைத்து வைத்தாலும், 3,600 டன்னுக்கும் மேல் கரியமில வாயு வெளியேறும். தயாரிப்பு, போக்குவரத்து, அடித்தளம் என அனைத்தையும் சேர்த்தாலும், காற்றாலையின் பங்கு யூனிட்டுக்குப் பத்துப் பன்னிரண்டு கிராம் அளவில்தான் நிற்கிறது. தன்னை உருவாக்கச் செலவான ஆற்றலை அது பொதுவாக ஓராண்டுக்குள் ஈட்டிவிடும். அதன் ஆயுளோ இருபது, இருபத்தைந்து ஆண்டுகள்.

தண்ணீரைப் பலரும் மறந்துவிடுகிறார்கள். அனல்மின் நிலையம் யூனிட்டுக்கு ஏறக்குறைய மூன்று லிட்டர் நீரைக் குடிக்கிறது. மேலே சொன்ன ஒரு மிஷின் ஆண்டுக்கு ஒன்றரைக் கோடி லிட்டரை மிச்சப்படுத்துகிறது என்றால், வானம் பார்த்த பூமியில் அது சிறிய செய்தியன்று. சாம்பலும் இல்லை. கோபுரத்தைச் சுற்றி உளுந்தும் கம்பும் வழக்கம்போல விளையும்.

கேள்வி: பறவைகள் அடிபடுகின்றனவே?

பதில்: அடிபடுகின்றன, மறைப்பதற்கில்லை. மகாராஷ்டிரத்தின் சால்கேவாடி பீடபூமியில் நடந்து 2018இல் வெளியான ஆய்வு, காற்றாலைகள் உள்ள பகுதியில் கொன்றுண்ணிப் பறவைகள் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்காகக் குறைந்ததையும், அவற்றுக்கு இரையாகும் விசிறித்தொண்டை ஓணான்கள் அதனால் பெருகியதையும் பதிவு செய்தது. நார்வேயின் ஸ்மோலா தீவில் மூன்று இறக்கைகளில் ஒன்றுக்குக் கறுப்பு வண்ணம் பூசியபோது, பறவை இறப்பு எழுபது விழுக்காட்டுக்கு மேல் குறைந்தது. வலசைப் பாதையைத் தவிர்த்து இடம் தேர்வதே முதல் மருந்து என்பது என் கருத்து.

கேள்வி: வீட்டு மொட்டை மாடியில் சிறிய காற்றாலை வைக்கலாமா?

பதில்: வேண்டாம். சுற்றியுள்ள கட்டடங்களால் காற்று பாதி வேகத்துக்கு இறங்கினால், ஆற்றல் எட்டில் ஒரு பங்காகிவிடும். அந்தப் பணத்தில் சூரியத் தகடு வாங்குங்கள்.

கேள்வி (கயத்தாறு): எங்கள் நிலத்தில் 1990களில் நட்ட 225 கிலோவாட் மிஷின் இருக்கிறது. அதை எடுத்துவிட்டுப் பெரியதை நடலாம் என்கிறார்கள். செய்யலாமா?

பதில்: தமிழகத்தின் மிகச் சிறந்த காற்று வீசும் இடங்களில், மிகச் சிறிய மிஷின்கள்தாம் முதலில் வந்து இடம் பிடித்துக்கொண்டன. உயரம் கூடக் கூடக் காற்றின் வேகம் கூடும் என்பதால், முப்பது மீட்டர் கோபுரம் இருந்த இடத்தில் 120 மீட்டர் கோபுரம் எழுந்தால், அதே நிலம் பல மடங்கு மின்சாரம் தரும். ஆகவே யோசனை சரியானதே.

சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. ஒன்றன் காற்றை மற்றொன்று மறைக்காமலிருக்க, காற்று வீசும் திசையில் இறக்கை வட்டத்தின் விட்டத்தைப் போல ஐந்து முதல் ஏழு மடங்கு இடைவெளி வேண்டும். பெரிய மிஷின் ஒன்று வர, பக்கத்து நிலங்களில் உள்ள சிறியவை பலவும் போக வேண்டியிருக்கும். அவற்றின் உரிமையாளர்கள் வெவ்வேறு ஆட்களாக இருப்பார்கள். எனவே அண்டை உரிமையாளர்களுடன் பங்கு குறித்து எழுத்துமூலம் உடன்பாடு செய்துகொண்ட பிறகே கையெழுத்திடுங்கள். பழைய அடித்தளம் புதிய கோபுரத்தைத் தாங்காது என்பதால், அந்தச் சிமென்ட்டுத் திட்டை உடைத்து அகற்றும் செலவும், மறுசுழற்சிக்கு எளிதில் உட்படாத பழைய கண்ணாடியிழை இறக்கைகளை அப்புறப்படுத்தும் பொறுப்பும் யாருடையவை என்பதை ஒப்பந்தத்திலேயே குறிப்பிடச் சொல்லுங்கள்.