தரகரை நம்பி நகையை அடகு வைக்கலாமா?

கேள்வி: என் மகள் ஆறாம் வகுப்பிலிருந்து பிளஸ் 2 வரை அரசுப் பள்ளியில்தான் படித்தாள். பி.எஸ்சி. வேளாண்மை படிக்க ஆசைப்படுகிறாள். எங்களுக்கு இருப்பது இரண்டு ஏக்கர் மானாவாரி நிலம். மகன் பாலிடெக்னிக் முடித்திருக்கிறான். வீட்டில் பட்டதாரி யாரும் இல்லை. வெளிமாநிலத் தனியார் கல்லூரி ஒன்றில் இடம் வாங்கித் தருவதாகவும், சேர்ந்துவிட்டால் மத்திய அரசு மாதாமாதம் பணம் தரும் என்றும் ஒரு தரகர் சொல்கிறார். முன்பணமாக 50,000 ரூபாய் கேட்கிறார். நகையை அடகு வைக்கலாமா?
- மணப்பாறை வட்டாரத்திலிருந்து ஒரு தாய்

பதில்: வைக்காதீர்கள், சகோதரி.

தரகர் சொல்வதில் பாதி உண்மை இருக்கிறது, ஆபத்தும் அங்கேதான். இந்திய வேளாண் ஆராய்ச்சிக் கழகம் தேசியத் திறன் உதவித்தொகை என்று ஒன்றை மாதந்தோறும் தருகிறது. ஆனால் அது அகில இந்திய நுழைவுத் தேர்வு எழுதி, அந்தக் கழகத்தின் ஒதுக்கீட்டில், சொந்த மாநிலத்துக்கு வெளியே உள்ள வேளாண் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தவர்களுக்கு. தரகர் வழியாக இடம் வாங்கியவர்களுக்கு அதில் பங்கு கிடையாது. அவர் சொல்லும் கல்லூரிக்கு அந்தக் கழகத்தின் அங்கீகாரம் இருக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள். பேச்சை மாற்றினால் புரிந்துகொள்ளுங்கள். அங்கீகாரம் இல்லாத இடத்தில் படித்தால், பின்னால் எம்.எஸ்சி. சேரும்போது அந்தக் கழகத்தின் நுழைவுத் தேர்வுக் கதவு அடைபட்டுப்போகும்.

உங்கள் மகளிடம் இருக்கும் பெரிய சொத்து அவள் படித்த பள்ளி. ஆறு முதல் பிளஸ் 2 வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்குத் தொழிற்கல்வியில் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு தரும் சட்டம் 2021-இல் வந்தது. வேளாண்மையும் அதில் அடக்கம். அந்த இடம் கிடைத்தால் கல்விக் கட்டணம், விடுதிக் கட்டணம், கலந்தாய்வுக் கட்டணம் மூன்றையும் அரசே ஏற்கிறது. விண்ணப்பத்தில் அந்தப் பகுதியைத் தவறவிடாமல் நிரப்பச் சொல்லுங்கள். தலைமையாசிரியரிடம் படிப்புச் சான்றையும் இப்போதே வாங்கிவிடுங்கள். தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் என்றதும் பலர் கோவையை மட்டுமே நினைக்கிறார்கள். நீங்கள் திருச்சி பஸ்ஸில் போகும் வழியில் வரும் நாவலூர் குட்டப்பட்டில் இருப்பதும் அதன் கல்லூரிதான்.

அந்த ஒதுக்கீட்டில் இடம் கிடைக்காமல் பொதுக் கலந்தாய்வில் கிடைத்தால், முதல் பட்டதாரிச் சலுகை கைகொடுக்கும். மகன் வாங்கியது பட்டயம். அது பட்டம் ஆகாது. எனவே தயங்காமல் விண்ணப்பியுங்கள். இதற்கு வருமான வரம்பு இல்லை. ஆனால் ஒரு குடும்பத்தில் ஒருவருக்குத்தான். உங்கள் சாதியைக் கடிதத்தில் எழுதவில்லை. ஆதிதிராவிடர், பழங்குடியினர், பிற்படுத்தப்பட்டோர், மிகவும் பிற்படுத்தப்பட்டோருக்கெல்லாம் உதவித்தொகைகள் உண்டு. ஆண்டு வருமானம் 2.5 லட்சத்துக்குள் இருக்க வேண்டும்.

எந்த வழியில் சேர்ந்தாலும் புதுமைப் பெண் திட்டத்தின் 1,000 ரூபாய் மாதாமாதம் அவள் கணக்குக்கு வரும். வேறு உதவித்தொகை வாங்கினாலும் இதைப் பெறத் தடை இல்லை.

உங்களிடம் உழவர் பாதுகாப்புத் திட்ட அட்டை இருக்கிறதா? புன்செய் ஐந்து ஏக்கர் வரை வைத்திருப்பவர்கள் அதில் சேரலாம். முதியோர் ஓய்வூதியத்துக்கும் ஈமச் சடங்குக்கும்தான் அந்த அட்டை என்று ஊரில் பேசிக்கொள்கிறார்கள். பிள்ளைகளின் படிப்புக்கும் அதில் உதவி உண்டு. தொகை பெரிதல்ல, ஆனாலும் விடுவானேன்? தாலுகா அலுவலகத்தில் சமூகப் பாதுகாப்புத் திட்டத் தனி வட்டாட்சியரைப் பாருங்கள்.

இத்தனைக்குப் பிறகும் பற்றாக்குறை வந்தால், அடகுக் கடைக்கு முன் வங்கிக்குப் போங்கள். 2024 நவம்பரில் ஒப்புதல் பெற்ற பிரதமர் வித்யாலட்சுமி திட்டத்தில், தேசியத் தரவரிசையில் தேர்வான கல்வி நிறுவனங்களில் சேருபவர்களுக்குப் சொத்து அடமானமும் ஜாமீன்தாரரும் இல்லாமல் கல்விக் கடன் தருகிறார்கள்.

ஒன்றை மறைக்க விரும்பவில்லை. உதவித்தொகைகள் தாமதமாகத்தான் வரும். முதல் சில மாதங்களுக்குப் புத்தகம், பஸ், கைச்செலவு என்று கொஞ்சம் கையில் இருக்க வேண்டும். அதற்கு ஒரு கடலை வெள்ளாமைப் பணம் போதும். சாதி, வருமான, முதல் பட்டதாரிச் சான்றுகளை இந்த வாரமே இ-சேவை மையத்தில் பதிவு செய்யுங்கள். மகள் பெயரில் வங்கிக் கணக்கு தொடங்கி ஆதாரை இணையுங்கள். ஆதாரிலும் மதிப்பெண் சான்றிதழிலும் பெயரும் தலைப்பெழுத்தும் ஒன்றாக இருக்கின்றனவா என்று நீங்களே ஒருமுறை எழுத்துக்கூட்டிப் பாருங்கள்.