சொட்டு நீலம் இல்லைங்க, சயனோடைப்!

கேள்வி: வயது 61. திருவையாறு பக்கம் ஒரு கிராமம். தாவரவியல் டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவள். போன வருஷம் பேத்தியின் பள்ளி புராஜெக்ட்டுக்கு உதவப் போய் சயனோடைப் என்ற பழைய புகைப்பட முறையைக் கற்றுக்கொண்டேன். ஃபெரிக் அமோனியம் சிட்ரேட், பொட்டாசியம் ஃபெரிசயனைடு இரண்டையும் கரைத்துக் காகிதத்தில் பூசி, மேலே இலையை வைத்து வெயிலில் காட்டிக் கழுவினால் நீலத்தில் வெள்ளை உருவம் வருமே, அதுதான். பேத்தி விட்டுவிட்டாள், நான் விடவில்லை. 200 படம் சேர்ந்துவிட்டது. மகன், "சொட்டு நீலத்துல முக்கி எடுத்த மாதிரி இருக்கும்மா" என்கிறான். இணையத்தில் பார்த்தாலும் எல்லோரும் இதையேதான் செய்கிறார்கள். இந்த வயதில் எனக்கென்று ஒரு பாணி வருமா, அல்லது இது வெறும் பொழுதுபோக்குதானா?
— பெயர் வேண்டாம் என்ற வாசகி

பதில்: வயதுக் கவலையை முதலில் தூக்கிப் போடுங்கள் டீச்சர். ஜான் ஹெர்ஷல் 1842-இல் இந்த முறையைக் கண்டுபிடித்தார், அடுத்த வருஷமே ஆனா அட்கின்ஸ் என்ற பெண்மணி கடற்பாசிகளை இப்படிப் பதிவு செய்து புத்தகமாக வெளியிடத் தொடங்கினார். அப்போது அவருக்கு 44 வயது, உங்களைப் போலவே தாவரம் படித்தவர், பத்து வருஷம் அதே வேலையாக இருந்தார். புகைப்படக் கலையில் பெரிய பேர் வாங்கிய ஜூலியா மார்கரெட் கேமரன் கையில் முதல் கேமரா வந்ததே 48 வயதில்.

உங்கள் சிக்கல் வேறு. அந்த 200 படத்தில் என்னென்ன இருக்கிறது? பப்பாளி இலை, செம்பருத்தி, பெரணி, கறிவேப்பிலைக் கொத்து, சரிதானே? பார்க்க அழகாக இருக்கும் இலையைப் பொறுக்கி வைத்தால் உலகம் முழுக்க ஒரே படம்தான் வரும். உங்களுக்குத் தெரிந்து அவர்களுக்குத் தெரியாதது எது என்று பாருங்கள். நாற்று வயலில் நெல்லும் குதிரைவாலிப் புல்லும் அச்சு அசல் ஒன்று போல நிற்கும். ஆனால் இலை தண்டை விட்டுப் பிரியும் இடத்தில் நெல்லுக்கு வெள்ளையாக மெல்லிய நாக்கு ஒன்று உண்டு, புல்லுக்கு அது கிடையாது. களை பறிக்கும் பெண்கள் தொட்டே சொல்லிவிடுவார்கள், நீங்களும் வகுப்பில் எத்தனை வருஷம் சொல்லியிருப்பீர்கள்! அந்த இடத்தைக் கொஞ்சம் பிரித்து, கண்ணாடிக்கு அடியில் நன்றாக அழுத்தி, வெயிலில் வையுங்களேன். ஒரே வயல், ஒரே சாகுபடிப் பட்டம், ஒரே அளவுக் காகிதம். குறுவை 110 நாள் சொச்சம், வாரம் ஒருமுறை போனாலே பதினைந்து பதினாறு படம் தேறும், நாற்றில் தொடங்கி அறுத்த தாள் வரைக்கும்.

தஞ்சாவூர் உங்களுக்குப் பஸ் தூரம்தானே. 1858-இல் லின்னேயஸ் ட்ரைப் என்ற ராணுவ அதிகாரி, மெழுகு ஏற்றிய காகித நெகட்டிவ்களோடு பெரிய கோயிலுக்கு வந்தார். கோபுரத்தை எடுத்தோமா போனோமா என்றில்லாமல், விமானத்தின் அடியில் ஓடும் கல்வெட்டைத் துண்டு துண்டாக எடுத்து, 21 படங்களை ஒட்டி 19 அடி நீளத்துக்குச் செய்தார். அந்தப் பொறுமைதான் எனக்குப் பிடித்தது, கோபுரத்தை யார் வேண்டுமானாலும் எடுப்பார்கள்.

ஒரு எச்சரிக்கை. தப்பாக வருவதையெல்லாம் பாணி என்று நினைத்துவிடாதீர்கள். நான் முதல் வருஷம் தகரப் பட்டை போட்ட பிரஷ்ஷால் பூசி, படம் முழுக்க நீலப் புள்ளி விழுந்ததை 'மழைத்துளி' என்று பெயர் வைத்துக் காட்டிக்கொண்டு திரிந்தேன். அது வெறும் இரும்புக் கறை! அதே மாதிரி, ஐயாறு ஆச்சே, ஐந்து ஆற்றுத் தண்ணீரிலும் ஒவ்வொரு படத்தைக் கழுவலாமே என்று தோன்றும், வேண்டாம், அது ஜிகினா வேலை. போர் தண்ணீர் கடினமாக இருந்தால் நீலம் வெளிறும், கழுவும்போது கொஞ்சம் எலுமிச்சைச் சாறு விட்டுக்கொள்ளுங்கள், போதும்.

அப்புறம் மகனிடம் சொல்லுங்கள், கட்டட வரைபடத்துக்கு ப்ளூபிரிண்ட் என்று பேர் வந்ததே இந்த நீலத்தால்தான் என்று.

கேள்வி: ஐப்பசி, கார்த்திகையில் வெயிலே இல்லையே, சயனோடைப்பை மூட்டை கட்டிவிட வேண்டியதுதானா?
— கும்பகோணம் வாசகர்

பதில்: மேகத்துக்குள்ளும் புற ஊதாக் கதிர் வரும், நேரம்தான் இழுக்கும். ஒரு காகிதத்தைக் கீற்றுக் கீற்றாக வெட்டி, பத்து, இருபது, நாற்பது நிமிஷம் என்று வைத்துப் பார்த்துவிடுங்கள். உண்மையான தொல்லை ஈரம். பூசிய காகிதம் காயாமலே பழுதாகும். அன்றன்று பூசி அன்றன்றே முடித்துவிடுங்கள்.

கேள்வி: மருந்தே வாங்காமல் மஞ்சளில் படம் போடலாமாமே?
— மன்னார்குடி வாசகி

பதில்: போடலாம். மஞ்சள்பொடியை ஸ்பிரிட்டில் கரைத்து வடிகட்டிக் காகிதத்தில் பூசி, இருட்டில் காயவிட்டு, இலையை வைத்து நல்ல வெயிலில் சில மணி நேரம் விடுங்கள். வெயில் பட்ட இடம் வெளுத்துவிடும், இலைக்கு அடியில் மஞ்சள் நிற்கும். பிறகு சலவை சோடா கரைத்த தண்ணீரில் முக்கினால் அந்த மஞ்சள் செம்பழுப்பாகத் திரும்பும். ஆரத்தித் தட்டில் மஞ்சளோடு சுண்ணாம்பு சேர்ந்ததும் சிவக்கிறதே, அதே கதைதான். ஆனால் இந்தப் படத்தை நிலைநிறுத்த வழி கிடையாது, சுவரில் மாட்டினால் மங்கிக்கொண்டே போகும். பீரோவில் துணிக்கு அடியில் வைத்து, வருகிறவர்களுக்கு எடுத்துக் காட்டிவிட்டு மறுபடி உள்ளே வைத்துவிடுங்கள்.