இரண்டு முறை கீறியும் திரும்பி வந்த சிறுநீர்க்குழாய் சுருக்கம்: மூன்றாவது முறையும் கீறலாமா?

நண்பரே, சிறுநீர்க்குழாயின் பல்பார் பகுதியில் (விதைப்பைக்குப் பின்னால் வரும் பகுதி) 3 செ.மீ. சுருக்கம், எண்டோஸ்கோப் வழியாக இரண்டு முறை கீறியும் திரும்ப அடைத்துக்கொண்டது, இன்னொரு தடவை கீறிப் பார்க்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். என்னைக் கேட்டால், வேண்டாம். கீறிய இடம் ஆறும்போது மறுபடி தழும்புதான் கட்டும்; சுருக்கம் இன்னும் நீளவும் கூடும். இந்தக் கட்டத்தில் யூரித்ரோபிளாஸ்டி, அதாவது சுருங்கிய இடத்தைத் திறந்து சீரமைக்கும் அறுவை சிகிச்சையைப் பற்றித்தான் மருத்துவரிடம் பேச வேண்டும்.

அதில் குழாயைச் சீரமைக்க ஒட்டுப்போடுவதற்காகக் கன்னத்தில் சதையை வெட்டுவார்களே என்ற உங்கள் பயம் புரிகிறது. எடுப்பது சதையை அல்ல, உள்பக்கத்து மெல்லிய சவ்வை. எப்போதும் ஈரத்திலேயே இருந்து பழகியது என்பதால் சிறுநீர்க்குழாயில் நன்றாகப் பிடித்துக்கொள்ளும். வாய்ப்புண் பெரும்பாலும் ஓரிரு வாரத்தில் ஆறிவிடும். வாயைத் திறக்கும்போது கொஞ்ச நாள் இறுக்கமும் மரத்த உணர்வும் இருக்கும். உண்மையான தொல்லை, சிறுநீர் வெளியேறப் போட்டுவைக்கும் கத்தீட்டர் குழாய்தான், இரண்டு மூன்று வாரம். புகையிலைப் பழக்கம் இருந்தால் இன்றே விடுங்கள், அந்தச் சவ்வைத்தான் அது கெடுக்கும்.

அப்புறம், ஆர்ஜியு (குழாய்க்குள் சாய மருந்து செலுத்தி எடுப்பது), எம்சியு (சிறுநீர் கழிக்கும்போது எடுப்பது) எக்ஸ்ரே இரண்டும் எடுத்தாயிற்றா? அதற்குச் சில வாரம் முன்பிருந்தே குழாய் விட்டு விரிப்பதை நிறுத்தலாமா என்று மருத்துவரைக் கேளுங்கள். விரித்துக்கொண்டே இருந்தால் சுருக்கத்தின் சரியான நீளம் தெரியாது. இடையில் சிறுநீர் அடியோடு நின்றுபோனால் விடியட்டும் என்று காத்திருக்காமல் அவசரப் பிரிவுக்குப் போங்கள்.