பன்றிக் கொழுப்பு மஞ்சளாக இருப்பது காமாலையா?

கேள்வி: குளச்சல் பக்கம் வெண்பன்றி வளர்க்கிறேன். சில மாதமாகச் சாளை மீன் கழிவுதான் முக்கியத் தீனி, வேகவைத்துத்தான் போடுகிறேன். போன வாரம் வெட்டிய இரண்டிலும் கொழுப்பு மஞ்சள் கலந்த பழுப்பாக இருந்தது. கறிக்கடைக்காரர் காமாலை என்று விலையைக் குறைத்துவிட்டார். மீதிப் பன்றிகளுக்கு மருந்து உண்டா?

பதில்: காமாலை கொழுப்போடு நிற்காது. கண்ணின் வெள்ளை, வாயின் உட்புறம், மூட்டு, தசைநாண் எல்லாம் மஞ்சளாகும். அடுத்து வெட்டும்போது இவற்றைப் பாருங்கள். இவை வெளுப்பாக இருந்து, கொழுப்பு மட்டும் மஞ்சளாகி மீன் வாடையும் அடித்தால் அது மஞ்சள் கொழுப்பு நோய். உங்கள் தீனியைப் பார்த்தால் எனக்கு இதில்தான் சந்தேகம்.

சாளை எண்ணெய்ப்பிடிப்பான மீன். அந்த எண்ணெய் சீக்கிரம் காறும். டப்பாவில் வெகுநாள் கிடந்த முறுக்கு காறுகிறதே, அதுதான் பன்றியின் கொழுப்புக்குள்ளும் நடக்கிறது. அதைத் தடுக்கும் வைட்டமின் ஈ, மீன் எண்ணெய் கூடக்கூடச் செலவாகித் தீர்ந்துவிடும். காறிய கொழுப்பு புரதத்தோடு பிணைந்து செராய்டு என்ற பழுப்பு நிறமியாகும். செல்லுக்குள் கழிவைச் செரிக்கும் லைசோசோமால்கூட இதைச் செரிக்க முடியாது, அங்கேயே தேங்கிவிடும். கிழட்டு மாட்டின் இதயம் பழுப்பேறியிருப்பதை உங்கள் கடைக்காரரே பார்த்திருப்பார். அது லிப்போஃபியூசின், செராய்டுக்குப் பங்காளி. அங்கே வயது பல வருடத்தில் செய்ததை இங்கே தீனி சில மாதத்தில் செய்துவிட்டது.

வேகவைப்பதை விட்டுவிடாதீர்கள், கிருமிக்கு அது கட்டாயம் வேண்டும். காறலை மட்டும் அது போக்காது.

படிந்த நிறத்தை எடுக்க மருந்து கிடையாது. சாளைக் கழிவை நிறுத்திவிட்டு மக்காச்சோளம், சோயாப் புண்ணாக்கு, வைட்டமின் ஈ சேர்ந்த தாதுக் கலவை என்று மாற்றுங்கள். தவிடு போடுவதானால் புதிதாக வாங்குங்கள். எண்ணெய் எடுக்காத தவிடும் காறும், பலர் இதைக் கவனிப்பதில்லை. விற்பனைக்கு நிற்கும் பன்றிகளுக்குக் குறைந்தது ஒரு மாதமாவது மீன் வாசமே வேண்டாம். கறியின் வாடை குறையும், நிறம் பெரிதாக மாறாது. வளரும் குட்டிகளுக்குத்தான் முழுப் பலன்.

வைட்டமின் ஈ, செலினியம் சேர்ந்த ஊசி கிடைக்கிறது. நீங்களாகப் போடாதீர்கள், செலினியம் கொஞ்சம் கூடினாலும் விஷம். அளவைக் கால்நடை மருத்துவர் சொல்லட்டும். நன்றாக இருந்த குட்டி திடீரென்று செத்தால் புதைப்பதற்கு முன் அவரிடம் காட்டி அறுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். இதே சத்துக் குறைவு இதயத்தையும் ஈரலையும் தாக்கும்.