ஸ்லையும் ராபியும், கொஞ்சம் மறுபதிப்புகளும்: ரெகே கேள்வி பதில்

கேள்வி: அண்ணா, ஸ்லை – ராபி என்று எல்லோரும் ஒரே மூச்சில் சொல்கிறார்களே, பாடகர்களா?

இல்லை தம்பி. ஸ்லை டன்பார் டிரம்ஸ், ராபி ஷேக்ஸ்பியர் பேஸ் கிதார். இருவரும் ஜமைக்காவின் கிங்ஸ்டன்காரர்கள். 1970-களின் நடுவில் சேர்ந்தவர்கள், 2021 டிசம்பரில் ராபி இறக்கும்வரை ஜோடியாகவே இருந்தார்கள். ஜமைக்காவில் பிறந்த ரெகே இசையில் கிதாரும் கீபோர்டும் பெரும்பாலும் தாளத்தை வெட்டிக் கொடுத்துவிட்டு ஒதுங்கிவிடும். பாட்டைச் சுமப்பது பேஸ்தான். ஆகவே ஆல்பம் அட்டையில் பாடகர் பெயரை விட்டுவிட்டு, பேஸும் டிரம்ஸும் யார் என்று முதலில் பாருங்கள்.

கேள்வி: 'ஒன் டிராப்' தாளத்தைக் காதால் எப்படிப் பிடிப்பது?

நான்கு எண்ணுங்கள். ஒன்றில் கிக் (காலால் அடிக்கும் பெரிய டிரம்) விழாது. மூன்றில் கிக்கும், குச்சியால் தட்டும் ஸ்னேர் டிரம்மும் சேர்ந்து விழும். ராக் கேட்டே வளர்ந்தவருக்கு, இருட்டில் இறங்கும்போது ஒரு படி குறைந்த மாதிரி இருக்கும். பாப் மார்லியின் வெய்லர்ஸ் குழுவில் டிரம்மர் கார்ல்டன் பேரட் இதில் கைதேர்ந்தவர். அதே குழுவின் 'எக்ஸோடஸ்' பாட்டைப் போட்டால் நான்கு எண்ணிலும் கிக் இடிக்கும், அது 'ஸ்டெப்பர்ஸ்'.

ஸ்லை வேறு வழியில் போனார். மைட்டி டயமண்ட்ஸ் குழுவின் 'ரைட் டைம்' பாட்டில் ஸ்னேர் விளிம்பில் இரட்டைத் தட்டு வரும். கேட்டவர்கள் அதை ஏதோ ஸ்டுடியோ எஃபெக்ட் என்றே நினைத்தார்களாம். பாட்டு ஹிட்டானதும் மற்ற டிரம்மர்களும் அதையே வாசிக்கத் தொடங்கினார்கள்.

கேள்வி: வெய்லர்ஸின் 'கேட்ச் எ ஃபயர்' பழைய சிடி இருக்கிறது. 2001 டீலக்ஸ் பதிப்பும் தேவையா?

தேவை. ஒரே ஒரு ரெகே மறுபதிப்புக்குத்தான் காசு இருக்கிறது என்றால் இதையே வாங்கச் சொல்வேன்.

1973-இல் வந்த ஆல்பம் இது. ஜமைக்காவில் பதிவான டேப்புகளை மார்லி லண்டனுக்குக் கொண்டுபோனார். ஐலண்ட் இசைத்தட்டு நிறுவனத்தின் கிறிஸ் பிளாக்வெல் ராக் ரசிகர்களைப் பிடிக்க நினைத்து, அமெரிக்கக் கிதாரிஸ்ட் வெய்ன் பெர்கின்ஸையும், கீபோர்டுக்கு ஜான் 'ராபிட்' பண்ட்ரிக்கையும் மேலே வாசிக்க வைத்தார். பேஸைக் கொஞ்சம் அடக்கினார். அப்படி மெருகேற்றியதைத்தான் நாமெல்லாம் இத்தனை காலம் கேட்டோம். 2001 பதிப்பின் முதல் சிடியில் மெருகேற்றாத ஜமைக்கா வடிவம் இருக்கிறது, அன்று விட்டுப்போன இரண்டு பாடல்களோடு.

'கான்க்ரீட் ஜங்கிள்' பாட்டை இரண்டிலும் அடுத்தடுத்துக் கேளுங்கள். வெளிவந்த வடிவத்தில் பெர்கின்ஸின் சோலோ பாட்டைத் தூக்கிக்கொண்டு போகும். அருமையான சோலோ, மறுக்கவில்லை. ஜமைக்கா வடிவத்தில் அது கிடையாது, பேஸ் முன்னால் வந்து நிற்கும். அந்தப் பாட்டில் பேஸ் வாசித்தது யார் தெரியுமா? வெய்லர்ஸின் ஆஸ்டன் 'ஃபேமிலி மேன்' பேரட் அல்ல, அவரிடம் பாடம் கற்ற இளம் ராபி! எனக்கு ஜமைக்கா வடிவம்தான் ஒரு படி மேல்.

கேள்வி: சார், பாடகி கிரேஸ் ஜோன்ஸை ரெகேயில் சேர்க்கலாமா?

பிறந்தது ஜமைக்காவில். ஆனால் அவருடைய 'நைட்கிளப்பிங்' ஆல்பம் (1981) ரெகே, ஃபங்க், நியூ வேவ் எல்லாம் கலந்தது. பஹாமாஸில் பிளாக்வெல் நடத்திய காம்பஸ் பாயிண்ட் ஸ்டுடியோவில் ஸ்லை–ராபியோடு வாலி பாடரூ கீபோர்டு வாசித்தார். அதில் உள்ள 'புல் அப் டு தி பம்பர்' முந்தைய ஆல்பத்துக்காகப் பதிவாகி, அதன் பாணிக்கு ஒட்டாததால் ஒதுக்கப்பட்ட பாட்டு. 2014 மறுபதிப்பில் வெளிவராத பாடல்களும் உண்டு. கிடைத்தால் நல்லது, இல்லாவிட்டாலும் மூல ஆல்பமே போதும்.

கேள்வி: பிரெஞ்சில் ரெகேயா? யாரோ சொன்னார்கள், நம்பவில்லை.

நம்புங்கள். பிரெஞ்சுப் பாடகர் செர்ஜ் கேன்ஸ்பூர் 1979-இல் கிங்ஸ்டனுக்கே போய் ஸ்லை–ராபியை வைத்து ஒரு ஆல்பம் பதிவு செய்தார். முதலில் அவர்கள் இவரைக் கண்டுகொள்ளவில்லையாம். தெரிந்த ஒரே பிரெஞ்சுப் பாட்டு என்று 'ஜெ தெம்'மைச் சொல்ல, "அது நான்தான்" என்றாராம். அதன்பிறகு எல்லாம் சுமுகம். பிரெஞ்சு தேசிய கீதத்தை ரெகேயாகப் பாடியதுதான் வம்பாகிவிட்டது. 1980-இல் ஸ்ட்ராஸ்பர்க் கச்சேரிக்கு முன்னாள் பாராசூட் படைவீரர்கள் திரண்டு வந்துவிட்டார்கள். அவர் தனியாக மேடையேறி, இசையே இல்லாமல் கீதத்தைப் பாடிவிட்டுப் போனார்.

கேள்வி: ஸ்லை–ராபி பாப் டிலனோடு வாசித்தது?

'இன்ஃபிடெல்ஸ்' ஆல்பம், 1983. அதிலிருந்து விடுபட்ட 'பிளைண்ட் வில்லி மெக்டெல்' பாட்டின் முழுக் குழு வடிவம் 2021-இல் வந்த பழைய பதிவுகளின் தொகுப்பில் இருக்கிறது.

கேள்வி: மறுபதிப்பு வாங்கினேன், பொரபொரவென்று சத்தம். ஏமாந்துவிட்டேனா?

அவசியமில்லை. ஜமைக்காவில் அன்று ஏழு அங்குல இசைத்தட்டுகளே முதன்மைச் சரக்கு. மூல டேப் தொலைந்தோ அழிந்தோ போயிருந்தால், கிடைத்ததில் சுத்தமான தட்டிலிருந்துதான் பிரதி எடுக்க வேண்டும். அப்போது கொஞ்சம் பொரபொரப்பு இருக்கத்தான் செய்யும். கவலைப்பட வேண்டியது பேஸ் மெலிந்து, ஹை-ஹாட் (டிரம்ஸின் ஜோடித் தாளத் தட்டு) காதைக் கிழித்தால். நல்ல மறுபதிப்புக்கு அளவுகோல் வேண்டுமென்றால் மான்செஸ்டரின் பிளட் அண்ட் ஃபயர் நிறுவனம் 1996-இல் கொண்டுவந்த, காங்கோஸ் குழுவின் 'ஹார்ட் ஆஃப் தி காங்கோஸ்' ஆல்பத்தைக் கேளுங்கள். பழைய தட்டாகக் கிடைத்தால் விலை பேசாமல் எடுத்துவிடுங்கள்.