டிசம்பரில் பிறந்த பையன் கால்பந்து அகாடமித் தேர்வில் ஏன் தடுமாறுகிறான்?

குமரி மாவட்டத்தின் தூத்தூர், இரவிபுத்தன்துறை, கேரள எல்லை தாண்டினால் பொழியூர் என்று பந்துக்குப் பேர்போன கடற்கரைகளில் பெற்றோர் அடிக்கடி கேட்கும் கேள்வி இது. காரணம் பெரும்பாலும் பிறந்த மாதம்தான். இதைச் சார்பு வயது விளைவு என்பார்கள்.

நம் நாட்டில் வயதுப் பிரிவை ஜனவரி 1 வைத்துத்தான் பிரிக்கிறார்கள். 13 வயதுக்குட்பட்டோர் அணியில் ஒரே வருடம் பிறந்த ஜனவரிப் பையனும் டிசம்பர்ப் பையனும் ஒன்றாக நிற்பார்கள். இடையில் ஏறக்குறைய ஒரு வருட வளர்ச்சி. அந்த வயதில் அது உயரத்திலும் ஓட்டத்திலும் பளிச்சென்று தெரியும். தை மாதம் நட்ட வாழையையும் ஐப்பசியில் நட்டதையும் ஒரே நாளில் அளந்து பார்ப்பது மாதிரி.

அதோடு நின்றால் பரவாயில்லை. தேர்வானவனுக்கு நல்ல பயிற்சியாளர், நல்ல மைதானம், கூடுதல் ஆட்டங்கள். மற்றவன் வீட்டுக்கு. சின்ன இடைவெளி இப்படித்தான் பெரிதாகிறது. வரும் ஞாயிற்றுக்கிழமை ஜெயிக்க வேண்டும் என்ற அவசரமும் பயிற்சியாளரை வளர்ந்த பையன் பக்கமே தள்ளும்.

இங்கிலாந்தில் வயதுக் கணக்கு செப்டம்பரில் தொடங்கும்; அங்கே ஜூலை, இங்கே டிசம்பர் மாதிரி, கடைசிப் பக்கம். ஜூலையில் பிறந்த கால்பந்து வீரர் ஹாரி கேனைச் சிறுவயதில் லண்டன் கிளப்பான ஆர்சனலின் அகாடமி வேண்டாமென்று அனுப்பிவிட்டது. அப்புறம் அவர் இங்கிலாந்துக்காக அதிக கோல் அடித்தவரானார். இப்போது அங்கே சில ஆட்டங்களில் வயதுக்குப் பதில் உடல் வளர்ச்சியை வைத்து அணி பிரிக்கிறார்கள், நல்ல ஏற்பாடு.

ஆனால் ஜனவரியில் பிறந்தவனுக்குத் திறமை அதிகம் என்று இதற்கு அர்த்தமில்லை. அவனுக்கு முதலில் கிடைப்பது உடம்பும் வாய்ப்பும் மட்டுமே.