ஆற்றுப் படுகையை விலைக்கு வாங்கலாமா?

கேள்வி: காவேரிப்பட்டணம் பக்கம் தென்பெண்ணைக் கரையில் எனக்கு ஒன்றரை ஏக்கர் பட்டா நிலம். மேலே உள்ள கிருஷ்ணகிரி (கே.ஆர்.பி.) அணை திறந்தால் கேழ்வரகு மூழ்கி, மணல் மேவிவிடுகிறது. கீழே உள்ள படுகையையும் வாங்கிக் கரை உயர்த்தச் சொல்கிறார் ஒருவர். பன்றித் தொல்லைக்குக் கம்பியில் கரண்ட் விடலாமா?

பதில்: வாங்காதீர்கள். அந்தப் படுகை பெரும்பாலும் ஆற்றுப் புறம்போக்காகத்தான் இருக்கும். இடைத்தரகர் கத்தையாகக் காட்டும் பி மெமோ ரசீதுகள் ஆக்கிரமிப்புக்குக் கட்டிய அபராதம். அதையே 'இருபது வருஷம் வரி கட்டிய நிலம்' என்று ஸ்டாம்ப் பேப்பரில் எழுதி ஏழைகள் தலையில் கட்டுகிறார்கள். சர்வே எண்ணை வாங்கி, அரசின் 'எங்கிருந்தும் எந்நேரமும்' இணையச் சேவையில் நிலம் பட்டாவா புறம்போக்கா என்று காட்டும் 'அ' பதிவேட்டை நீங்களே பாருங்கள். எண் தர மறுத்தால் பேச்சை அங்கேயே முடித்துக்கொள்ளுங்கள்.

கரையும் வேண்டாம். வெள்ளம் பரவ அந்த அகலம் தேவை. இந்தப் பக்கம் அடைத்தால் எதிர்க்கரைக்காரர் நிலத்தை அரிக்கும். 2024 டிசம்பரில் ஊத்தங்கரையில் ஒரே நாளில் 50 செ.மீ. கொட்டியது, அப்படிப்பட்ட மழைக்கு மண்கரை நிற்காது.

மணல் விஷயம் பலருக்குத் தெரிவதில்லை. 2022-26 பேரிடர் நிவாரண விதிகளின்படி, மூன்று அங்குலத்துக்கு மேல் மணலோ வண்டலோ படிந்தால் அதை அகற்ற எக்டேருக்கு 18,000 ரூபாய் என்று இருந்தது. சிறு, குறு விவசாயிக்கு மட்டும். அதே நிலத்துக்கு வேறு உதவி வாங்கியிருக்கக் கூடாது. நம் ஆட்கள் அவசரப்பட்டு உழுதுவிடுகிறார்கள், அப்புறம் அளக்க எதுவும் இருக்காது. மணலில் ஸ்கேலைக் குத்தி, பக்கத்தில் சர்வே கல் தெரியும்படி படம் எடுங்கள். கிராம நிர்வாக அலுவலர் (வி.ஏ.ஓ.) வந்து பார்க்கும்வரை ஏர் பூட்டாதீர்கள். வெள்ளம் ஒரே ராத்திரியில் வந்து போகிறது, அளக்க ஆள் வருவதற்குள் அடுத்த பட்டமே போய்விடுகிறது. ஒரு வி.ஏ.ஓ.வை எத்தனை கிராமத்துக்குத்தான் ஓட விடுவார்கள்? மனுவைத் தாலுகா அலுவலகத்தில் கொடுத்து ஒப்புகைச் சீட்டு வாங்குங்கள். "நான் வாங்கித் தருகிறேன், பாதி எனக்கு" என்பவரை வாசலோடு அனுப்புங்கள்.

கரண்ட் வேலி கூடவே கூடாது. 2023 மார்ச்சில் தருமபுரி மாவட்டம் மாரண்டஹள்ளி அருகே அப்படி வைத்த கம்பியில் மூன்று யானைகள் செத்தன, விவசாயி கைதானார். சோலார் வேலி என்றாலும் வனத்துறையிடம் கேட்டுவிட்டுப் போடுங்கள். ஆற்றோர நாணலை வெட்டாமல் விடுங்கள், மண்ணைப் பிடித்து வைக்கும். மழைக்காலம் முடிந்து, தையில் ஈரம் இருக்கும்போது எள் விதைக்கலாம்.